மைனியிடம் கேளுங்கள்: மாசிச் சந்தை

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பங்கு சந்தையைப் பற்றியே இருந்தது. பனி விலகி வெயில் ஏறுகிற காலம். கும்பப்பூ என்கிற இரண்டாம் போக நெல் அறுவடை முடிகிறது, மலையில் கிராம்பும் நல்லமிளகும் காய்கிறது, ரப்பர் தளிர்க்கிறது. நாகர்கோவில் வடசேரிச் சந்தைக்கு வருகிற சரக்கே மாறிப்போகும். உங்கள் மைனி (அண்ணி) நான், பூதப்பாண்டிப் பக்கம் வாழையும் பயறும் பாவக்காயும் போட்டு, உழவர் சந்தையில் விவசாயி அடையாள அட்டை வைத்து விற்கிறவள். ஆபீசரும் இல்லை, டாக்டரும் இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கணவருக்கு மாற்றலாகிச் சென்னையிலிருந்து நாகர்கோவிலுக்கு வந்திருக்கிறோம். வடசேரி உழவர் சந்தைக்குப் போனேன். பாதிக் காய்க்குப் பெயரே புரியவில்லை. இந்த மாதம் உள்ளூர்க் காய் எது, வெளியூர்க் காய் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
— புது வாசகி, பார்வதிபுரம்

வாங்க தங்கச்சி. முதலில் தக்காளி, சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்), பல்லாரி (பெரிய வெங்காயம்), கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ் இவற்றை ஒரு பக்கம் ஒதுக்கிவிடுங்கள். இவை பெரும்பாலும் ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அந்தப் பக்கத்திலிருந்து லாரியில் வருகிறவை. அதில் தப்பு ஒன்றும் இல்லை, தக்காளி இல்லாமல் யார் ரசம் வைப்பது? ஆனால் அதை வாங்குவதற்கென்று விடியற்காலையில் எழுந்து உழவர் சந்தைக்கு வர வேண்டியதில்லை. தெருமுனைக் கடையிலும் அதேதான் கிடைக்கும்.

நீங்கள் இங்கே தேட வேண்டியது வேறு. நீள வழுதலங்காய் (கத்தரிக்காய்), பாவக்காய், புடலங்காய், வெள்ளரிக்காய், தடியங்காய் (நீங்கள் சாம்பல் பூசணி என்பீர்கள்), முழ நீளப் பயறு, சீனியவரை (கொத்தவரங்காய்), முருங்கை, வாழைத்தண்டு, வாழைப்பூ, கீரைக்கட்டு. இதெல்லாம் இந்த மண்ணில் விளைந்தது. முந்தின நாள் சாயங்காலமோ அன்று விடியற்காலையோ பறித்ததாக இருக்கும். பாவக்காயின் காம்பைப் பாருங்கள். வெட்டிய இடம் பச்சையாக ஈரமாக இருந்தால் இன்றைய காய். பழுப்பேறிச் சுருங்கியிருந்தால் ஒரு நாள் எங்கேயோ படுத்துத் தூங்கிவிட்டு வந்திருக்கிறது.

கிழங்கு வாங்காமல் போய்விடாதீர்கள். சிறுகிழங்கு இப்போது கடைசிக் கட்டத்தில் இருக்கிறது. மார்கழி, தையில் குவிந்து கிடந்தது, இன்னும் கொஞ்ச நாளில் காணாமல் போகும். மண்ணோடு இருப்பதையே வாங்குங்கள், கழுவிய சிறுகிழங்கு சீக்கிரம் கெடும். மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) எப்போதும் உண்டு, ஆனால் பிடுங்கி இரண்டு மூன்று நாள் ஆனால் உள்ளே நீலமும் கறுப்புமாக நரம்பு ஓடிவிடும். அதனால் நுனியை ஒடித்துக் காட்டச் சொல்லுங்கள். 'டக்'கென்று ஒடிந்து, உள்ளே சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தால் வாங்கலாம். ஒடித்துக் காட்ட மாட்டேன் என்கிறவரிடம் வாங்க வேண்டாம். வீட்டில் வேகவைக்கும்போது தண்ணீர் தாராளமாக ஊற்றி, மூடாமல் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிடுங்கள். மரச்சீனியில் சயனைடாக மாறக்கூடிய பொருள் இயற்கையிலேயே உண்டு, கசப்பு ரகங்களில் அதிகம். எங்கள் பாட்டிமார் காரணம் சொல்லாமலே வடித்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த மாதத்தில் வயல்காரர்கள் சிலர் புது அரிசி கொண்டுவருவார்கள். கும்பப்பூ நெல் உலர்ந்து குத்திய அரிசி. சென்னைப் பழக்கத்தில் பொன்னி தேடாதீர்கள். இங்கே சிவப்புச் சம்பா அரிசிச் சோறும் மீன்கறியும்தான் பொருத்தம். புது அரிசிக்குத் தண்ணீர் குறைத்து வையுங்கள், இல்லையென்றால் குழைந்துவிடும்.

உழவர் சந்தையில் பலகையில் எழுதிப்போட்ட விலையைவிட வெளியே தள்ளுவண்டியில் வெண்டைக்காய் விலை குறைவாக இருந்தது. பிறகு எதற்கு உழவர் சந்தை?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், கோட்டாறு

அண்ணாச்சி, நியாயமான கேள்வி. 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணாநகரில் முதல் உழவர் சந்தை திறந்தபோது முதலமைச்சராக இருந்தவர் கருணாநிதி. ஏற்பாடு எளிமையானது. விளைவிப்பவர் நேரே விற்க வேண்டும், இடைத்தரகர் உள்ளே வரக் கூடாது, கடைக்கு வாடகை இல்லை, தராசு அரசு கொடுக்கும். தினமும் காலையில் மொத்த விலை விசாரித்து, அதைவிட ஏறத்தாழ 20 சதவீதம் கூட்டியும், வெளிச் சில்லறை விலையைவிட ஏறத்தாழ 15 சதவீதம் குறைத்தும் பலகையில் எழுதுவார்கள். எனக்கு மொத்த வியாபாரி தருவதைவிடக் கூடுதல், உங்களுக்குக் கடைக்காரர் கேட்பதைவிடக் குறைவு. நடுவில் இருந்தவர் போன இடத்தில் நாம் இரண்டு பேரும் உட்கார்ந்திருக்கிறோம்.

தள்ளுவண்டியில் ஒரு நாள் விலை இறங்குவதற்குக் காரணம் உண்டு. நேற்றைய மீதியாக இருக்கலாம். முற்றலும் பிஞ்சும் கலந்த இரண்டாம் தரமாக இருக்கலாம். அல்லது ஒரே நாளில் நாலு லாரி வந்து மொத்த வியாபாரம் நடக்கிற அப்டா மார்க்கெட்டில் விலை கவிழ்ந்திருக்கலாம். எங்கள் விலை காலையில் எழுதினது. அவருடையது மணிக்கு மணி மாறும். பத்து மணிக்கு மேல் அவர் விலையில் வாங்கினால் உங்களுக்கு லாபம்தான், மறுக்கவில்லை. வெண்டை நுனியை மட்டும் ஒடித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இன்னொன்று. உழவர் சந்தையில் எடை மின்னணுத் தராசு. காயை வைக்குமுன் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்ப்பது உங்கள் உரிமை. நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன்.

பேரம் பேசலாமா?
— வாசகர், மீனாட்சிபுரம்

பலகை விலையில் பேசக் கூடாது. கறிவேப்பிலை கேட்கலாம்.

உழவர் சந்தையில் விவசாயி என்ற பெயரில் வியாபாரிகளே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. நீங்களும் அதை மறைக்கப் போகிறீர்களா?
— கோபத்தோடு ஒரு வாசகர், இரணியல்

மறைக்க எனக்கு என்ன வந்தது? அவர்கள் உட்கார்ந்தால் என் காய்தான் விற்காமல் கிடக்கும். எனக்குப் பக்கத்தில் ஒருவர் ஒரு வருஷம் முழுக்க எல்லா மாதமும் எல்லாக் காயும் வைத்து விற்றார். அவருடைய நிலம் எந்த ஊரில் இருக்கிறது என்று எனக்கு இன்னும் தெரியாது. அப்படி ஒரு நிலம் இருந்தால் நானும் போய்ப் பார்க்க ஆசை.

கண்டுபிடிக்க வழி இருக்கிறது. உண்மையில் விளைவிக்கிறவரிடம் இரண்டு மூன்று ஐட்டத்துக்கு மேல் இருக்காது. அதுவும் ஒரே அளவில் இருக்காது, கோணல் புடலங்காயும் இருக்கும், பூச்சி கடித்த இலையும் இருக்கும். போன வாரம் பயறு வைத்திருந்தவர் இந்த வாரம் வெறும் வாழைப்பூவோடு வந்திருப்பார். ஒரே ஆள் முன்னால் கேரட், காலிஃபிளவர், பாவக்காய், தக்காளி எல்லாம் வரிசையாக மினுங்கினால் அட்டையைக் கேளுங்கள். அட்டையில் படமும் விவரமும் இருக்கும். (மலைக்காய்கறிக்குச் சில சந்தைகளில் தனி ஏற்பாடு உண்டு, அதையும் இதையும் குழப்ப வேண்டாம்.) அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இதற்கு எப்போது விதை போட்டீர்கள்?" விளைவித்தவர் இந்தக் கேள்விக்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்லவே மாட்டார். விதை எங்கே வாங்கினார், மழை எப்படிக் கெடுத்தது, பன்றி எந்த வரப்பு வழியாக வந்தது வரைக்கும் போகும். உங்களுக்குப் பஸ் தவறிவிடும். சந்தேகம் தீராவிட்டால் சந்தைக்குள்ளேயே அலுவலகம் இருக்கிறது, எழுதிக் கொடுங்கள். டீக்கடையில் பேசி ஒன்றும் ஆகாது, அண்ணாச்சி.

மட்டிப்பழத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு விலை ஏறிவிட்டது. அப்படி என்ன அதில் விசேஷம்? பேத்திக்கு எட்டு மாதம், கொடுக்கலாமா? மருந்து போட்டுப் பழுக்கவைத்ததா என்று எப்படிப் பார்ப்பது?
— ஒரு பாட்டி, சுசீந்திரம்

மூன்று கேள்வியும் நல்ல கேள்வி, ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கன்னியாகுமரி மட்டி வாழைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2023இல். அதற்கு முன்னாலும் இது ஏத்தன் (நேந்திரன்) போல மலிந்து கிடந்த பழம் இல்லை. குலை சின்னது. காய் விரல் பருமன்தான். ஏத்தன் குலையை நிறுக்கிற தராசில் மட்டிக்குலையை வைத்தால் பாவமாக இருக்கும். வெட்டுவதற்கு ஒரு வருஷம் ஆகும், சிலசமயம் அதற்கு மேலும். தோல் மெல்லியது, பழுத்த பிறகு ரொம்ப நாள் தாங்காது, சீப்பிலிருந்து உதிரவும் செய்யும். இவ்வளவையும் தாங்கிக்கொண்டு ஒருவர் மட்டி வைக்கிறார் என்றால் ஒன்று வாசனைக்காக, இல்லை பிடிவாதத்துக்காக. ஏத்தன் கதை வேறு. ஓணத்துக்குக் குலை வெட்டுகிற மாதிரி ஐப்பசி, கார்த்திகையிலேயே கணக்குப் போட்டு நட்டுவிடுவோம், கேரளத்துக்கு லாரி ஏறும். மட்டிக்கு அப்படிப் பெரிய ஓணச் சந்தை கிடையாது. வீட்டுப் பக்கத்திலும் தோட்டத்து ஓரத்திலும் நிற்கும். அதனால்தான் சந்தையில் ஒரு நாள் பத்துக் குலை இருக்கும், மறுநாள் ஒன்றுகூட இருக்காது. புவிசார் குறியீட்டால் குலை பெரிதாவதில்லை. வேறு ஊர்ப் பழத்தை இந்தப் பெயரில் விற்றால் கேட்க ஒரு பிடி கிடைக்கிறது, அவ்வளவுதான். விலை ஏற்றத்தில் பாதி ஆசை, பாதி பற்றாக்குறை. தேன்மட்டி, செம்மட்டி என்றும் வகை உண்டு. செம்மட்டி கண்ணில் பட்டால் யோசிக்காமல் வாங்கிவிடுங்கள், மறுபடி எப்போது படும் என்று சொல்ல முடியாது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தபோது மாவட்டம் முழுக்க வாழை படுத்துவிட்டது. அப்படி ஒரு காற்று அடித்தால் கன்றுக்கே அலைய வேண்டியிருக்கும். ஏத்தன் கன்று எங்கும் கிடைக்கும், மட்டிக் கன்று தெரிந்தவர் வீட்டில்தான்.

பேத்திக்கு எட்டு மாதம் என்றால் தாராளமாகக் கொடுக்கலாம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், அதற்குப் பிறகுதான் மற்றது. நன்றாகக் கனிந்த பழமாகப் பார்த்து, நடுத்தண்டு நாரை எடுத்துவிட்டு மசித்துக் கொடுங்கள். முதல் நாளே முழுப் பழம் வேண்டாம். ஏத்தங்காய்ப் பொடிக் கஞ்சி உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். சந்தையில் தேன் நல்லதாக இருக்கிறதே என்று பழத்தில் தேன் விட்டுக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு வயது ஆகும்வரை தேன் கூடாது என்று டாக்டர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியைப் பச்சைக் குழந்தையின் குடல் தாங்காது. நாக்கில் தேன் தடவுகிற வழக்கம் நம் வீடுகளில் உண்டு, தெரியும். தடவ வேண்டாம்.

பழுக்கவைப்பது பற்றி. கால்சியம் கார்பைடு கல்லை வைத்துப் பழுக்கவைப்பது உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி தடை. அந்தக் கல்லில் ஆர்செனிக், பாஸ்பரஸ் கலந்திருக்கும். எத்திலீன் வாயுவை அளவோடு விட்டுப் பழுக்கவைக்க அனுமதி உண்டு, அது வாழை தானாகவே விடுகிற வாயுதான், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். வீட்டில் நாங்கள் குலையை அறையில் வைத்துப் புகை போட்டு மூடுவோம். கண்ணால் பார்த்து நூற்றுக்கு நூறு சொல்ல முடியாது, ஆனால் சந்தேகப்பட இடம் உண்டு. பழம் முழுக்க ஒரே எலுமிச்சை மஞ்சள், காம்பு மட்டும் கரும்பச்சை, உரித்தால் உள்ளே கட்டை, மணமே இல்லை. இதெல்லாம் சேர்ந்து இருந்தால் விட்டுவிடுங்கள். மட்டிக்கு ஒரு வசதி, அது பழுத்தால் பை வழியாகவே மணக்கும். மணக்காத மட்டியை எந்தக் காரணம் சொன்னாலும் வாங்காதீர்கள்.

மார்த்தாண்டத்தில் வாங்கிய தேன் பாட்டிலில் அடியில் சீனி மாதிரி உறைந்துவிட்டது. சீனிப்பாகு கலந்து ஏமாற்றிவிட்டார்களா? எறும்பு வந்தால் போலி என்கிறார்களே?
— கல்லூரி மாணவி, தக்கலை

எறும்பு வந்தால் எறும்புக்குப் பசி என்று அர்த்தம். திரியில் நனைத்துக் கொளுத்துவது, தண்ணீரில் சொட்டு விடுவது, நாய்க்கு வைத்துப் பார்ப்பது, இதெல்லாம் நம்ப முடியாத சோதனைகள். இந்தக் காலத்துப் பாகைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம்தான் வேண்டும்.

உறைந்தால் போலி என்பதும் தவறு. நம் மாவட்டத்துத் தேனில் பெரும்பங்கு ரப்பர்த் தேன். அது பூவிலிருந்து வருவது இல்லை, கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். ரப்பர் மரம் மார்கழி, தையில் இலை முழுக்க உதிர்த்துவிட்டு இப்போது தளிர்க்கிறது. மூன்று இலை சேர்கிற காம்பு நுனியில் சின்னச் சுரப்பிகள் இருக்கும். இளந்தளிரில் அங்கேதான் இனிப்பு நீர் ஊறும். தேனீ அதைக் குடித்துக் கொண்டுவந்து சேர்க்கும். தை கடைசியிலிருந்து பங்குனி வரை இதுதான் அறுவடைக் காலம். பெட்டிகளை வண்டியில் ஏற்றிக் குலசேகரம் பக்கத்துத் தோட்டங்களுக்கும் எல்லை தாண்டிக் கேரளத்துக்கும் கொண்டுபோய் வைப்பார்கள். இலை முற்றினால் சுரப்பு நின்றுவிடும், பெட்டிக்காரருக்கு வருஷ வருமானம் இந்தச் சில வாரங்களில்தான். இடையில் மழை பெய்தால் போச்சு.

இந்தத் தேன் சீக்கிரம் உறையும் குணம் உள்ளது. பாட்டிலை வெந்நீரில் நிற்கவைத்தால் இளகிவிடும், அடுப்பில் நேரே வைக்க வேண்டாம். பார்க்க வேண்டியது ஈரம். தேனில் நீர் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது தரக்கட்டுப்பாடு. ஈரம் கூடினால் நுரைத்துப் புளிக்கும். மூடியைத் திறந்ததும் 'புஸ்' என்று சத்தம் வந்து புளிப்பு வாடை அடித்தால் திருப்பிக் கொடுங்கள்.

மார்த்தாண்டத்துக்கு இந்தப் பெயர் சும்மா வரவில்லை. 1920களில் அங்கே ஒய்.எம்.சி.ஏ. கிராமப்புற மையம் நடத்திய ஸ்பென்சர் ஹேட்ச் பெட்டியில் தேனீ வளர்க்கப் பழக்கினார். பிறகு தேனீ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கம் வந்தது. 1990களின் தொடக்கத்தில் ஒரு வைரஸ் நோய் வந்து தென்னிந்தியா முழுக்க நாட்டுத் தேனீக் கூடுகளைக் காலி செய்தது. புழு பை போல வீங்கிச் சாகும் நோய். வெறும் பெட்டியை வைத்துக்கொண்டு அழுத குடும்பங்கள் உண்டு. மிஞ்சின கூடுகளிலிருந்து மறுபடி பெருக்கி எடுத்தார்கள். அதனால் தங்கச்சி, உறைந்த தேனைப் பார்த்து உடனே ஏமாற்று என்று சொல்லிவிடாதீர்கள்.

சிறுதேன் என்று கொட்டாத கொசுத்தேனீத் தேன் ஒன்று விற்பார்கள். விலை பல மடங்கு. அதில்தான் ஏமாற்று அதிகம். எடுக்கிறவரைத் தெரிந்தால் மட்டும் வாங்குங்கள்.

அப்பா விட்டுப்போன 40 சென்ட் இருக்கிறது. கும்பப்பூ அறுத்தாகிவிட்டது. ஆபீஸ் வேலையை விட்டுவிட்டுக் காய்கறி போட்டு உழவர் சந்தையில் விற்கலாம் என்று நினைக்கிறேன். அட்டைக்கு என்ன செய்ய வேண்டும்? இப்போது என்ன நடலாம்?
— இளைஞர், திருவட்டாறு

தம்பி, வேலையை இப்போதே விட வேண்டாம். ஒரு கோடை தாண்டிப் பாருங்கள்.

அட்டைக்கு நிலத்தின் பட்டா, சிட்டா நகலும் படமும் எடுத்துக்கொண்டு உழவர் சந்தை அலுவலகத்தில் விண்ணப்பம் கேளுங்கள். கிராம நிர்வாக அலுவலர் சான்று வேண்டும். பிறகு அதிகாரி வந்து நிலத்தையும் பயிரையும் நேரில் பார்ப்பார். பயிர் நிற்கும்போது விண்ணப்பித்தால் வேலை சுலபம். தரிசைக் காட்டி அட்டை கேட்காதீர்கள்.

என்ன நடுவது என்றால், முதலில் தண்ணீரைச் சொல்லுங்கள். பேச்சிப்பாறை, பெருஞ்சாணியிலிருந்து வரும் கால்வாய் வழக்கமாக ஜூன் முதலில் திறந்து பிப்ரவரி கடைசியில் அடைபடும். 1906இல் பேச்சிப்பாறை அணை கட்டி முடித்த காலத்திலிருந்து இந்தப் பக்கத்து விவசாயம் அந்தத் தண்ணீரை நம்பித்தான் இருக்கிறது. அடைத்த பிறகு கிணறோ குளமோ இருந்தால்தான் கோடைக் காய்கறி. இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன்.

வயல் ஈரம் காயுமுன் பாதியில் உளுந்தோ பாசிப்பயறோ தூவிவிடுங்கள். அதற்குப் பெரிதாகத் தண்ணீர் வேண்டாம், மண்ணுக்கும் நல்லது. மீதியில் வெள்ளரி. சித்திரை ஒன்றாம் தேதி கனி காண ஒவ்வொரு வீட்டிலும் மஞ்சள் வெள்ளரி தேடுவார்கள், அன்றைக்கு முந்தின இரண்டு நாளில் வருகிற விலை வருஷத்தில் வேறெப்போதும் வராது. ஆனால் முற்றி நிறம் மாற இரண்டு மாதம் வேண்டும். மாசி முதல் வாரத்தில் விதை மண்ணில் இருக்க வேண்டும். இந்தக் கடிதம் அச்சாகி வரும்போது அது தாண்டியிருந்தால் வெள்ளரியைப் பிஞ்சாகவே விற்கப் போடுங்கள், கனிக்கு அடுத்த வருஷம். தண்டுக்கீரை ஒரு பாத்தி போடுங்கள், ஒரு மாதத்துக்குள் கையில் காசு வரும். மனசு தளராமல் இருக்க அது உதவும்.

பாவக்காய்ப் பந்தல் போடுவதானால் பழ ஈயை நினைத்துப் போடுங்கள். வெயில் ஏற ஏற அது பெருகும். பிஞ்சுக்குக் காகித உறை போடுவது கைவேலை, ஆனால் பலன் உண்டு. கனிந்த பாளையங்கோடன் வாழைப்பழத்தைப் பிசைந்து மருந்து கலந்து சிரட்டையில் தொங்கவிடுகிற பொறியும் வேலை செய்யும்.

வரப்போரத்தில் சேனை வையுங்கள். மாசிப் பௌர்ணமிக்குச் சேனை நடுவது நம் பக்கத்துப் பழக்கம். முளைக்கண் ஒவ்வொரு துண்டிலும் வருகிற மாதிரி வெட்டி, சாணிக்கரைசலில் முக்கி, நிழலில் உலர்த்தி, குழியில் வைத்துச் சருகு மூடிவிட்டால் போதும். கோடை மழையில் தலை நீட்டும், எட்டு ஒன்பது மாதத்தில் பறிக்கலாம். இதைவிடக் கவனிப்புக் குறைந்த பயிர் எனக்குத் தெரியாது. பன்றி வராத இடமாக இருந்தால்.

மாசி வந்தால் காய்கறி விலை ஏறுகிறது. எல்லா வியாபாரிகளும் சேர்ந்து பேசி வைத்துக்கொள்கிறார்களா?
— குடும்பத் தலைவி, குளச்சல்

பேசிவைக்க வேண்டிய அவசியமே இல்லை, நாட்காட்டியே பேசிவைத்துவிடுகிறது. தவக்காலம் தொடங்கியதும் நம் மாவட்டத்தில் எத்தனை வீடுகளில் இறைச்சி நிற்கிறது என்று உங்களுக்குத் தெரியும், வெள்ளிக்கிழமையைச் சொல்லவே வேண்டாம். அதே சமயத்தில் சிவராத்திரி, பன்னிரண்டு சிவன் கோவிலுக்கும் ஓடிப்போய்க் கும்பிடுகிற சிவாலய ஓட்டம். அப்புறம் மண்டைக்காட்டுப் பகவதி அம்மன் கோவிலில் மாசிக்கொடைத் திருவிழா, பத்து நாள். அங்கே பொங்கலும் மண்டையப்பமும் செய்ய வருகிற கூட்டத்துக்குத் தேங்காயும் வாழைப்பழமும் போதாது. இவ்வளவு பேரும் ஒரே மாதத்தில் காய் கேட்கிறார்கள். கால்வாயும் அந்த மாதக் கடைசியில்தான் அடைபடுகிறது. கீரை விலை முதலில் ஏறும், அதற்குத் தினம் தண்ணீர் வேண்டும். தடியங்காயும் சேனையும் கடைசியில் ஏறும், அவை காத்திருக்கும்.

இறங்குவதும் உண்டு. தவக்காலத்தில் கிறிஸ்தவக் கல்யாணங்கள் நின்றுபோகும், அதனால் எங்கள் வாழையிலைக் கட்டு மந்தமாக இருக்கும். வீட்டில் விருந்து வைப்பதாக இருந்தால் இலை வாங்க இதுதான் நேரம்.

அக்கானி (பதநீர்) எப்போது கிடைக்கும்? நல்ல கருப்பட்டியைக் கண்டுபிடிக்க வழி சொல்லுங்கள்.
— வாசகர், மும்பை (சொந்த ஊர் ராஜாக்கமங்கலம்)

மாசிக் கடைசியில் ஆங்காங்கே பாளை சீவத் தொடங்குவார்கள். பங்குனி, சித்திரையில்தான் பெருகும். நுங்கும் அப்போதுதான். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு பூசியிருந்தால்தான் அது அக்கானி, இல்லையென்றால் புளித்துக் கள்ளாகிவிடும். காலையில் இறக்கினதை வெயில் ஏறுமுன் குடித்துவிட வேண்டும், மும்பைக்கு அனுப்பச் சொல்லாதீர்கள்.

கருப்பட்டியை உடைத்துப் பாருங்கள். உள்ளே சீனிப் பரல் மினுமினுத்து, கல்லைப்போல் இறுகி, நிறம் வெளிறியிருந்தால் சீனி கலந்தது. நல்ல கருப்பட்டி கரும்பழுப்பாக இருக்கும், மழைக்காலத்தில் கசியும், கரைத்தால் அடியில் கொஞ்சம் சுண்ணாம்பும் தூசியும் நிற்கும். கசிகிறதே என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்களுக்காகத்தான் கசியாத கருப்பட்டி தயாராகிறது. மரம் ஏற ஆள் குறைந்துகொண்டே வருகிறது. காலையும் மாலையும் ஏறி இறங்கி, அதை மணிக்கணக்கில் காய்ச்சுகிற உழைப்புக்குச் சீனி விலையில் கருப்பட்டி கிடைக்காது. மலிவாகத் தருகிறேன் என்றாலே உள்ளே சீனி இருக்கிறது.

சக்கை (பலாப்பழம்) எப்போது வரும் மைனி?
— பசியோடு ஒரு வாசகர், அருமனை

பழுக்கப் பங்குனி, சித்திரை ஆகும். இப்போது இடிச்சக்கை (பலாப்பிஞ்சு) வந்துவிட்டது. கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு முள்தோலைச் சீவி, துண்டு போட்டு மஞ்சளும் உப்பும் சேர்த்து வேகவைத்து, அம்மியில் இடித்து உதிர்த்து, தேங்காய், சீரகம், பச்சைமிளகாய் ஒன்றிரண்டாக அரைத்துச் சேர்த்துத் துவரன் (தேங்காய் போட்ட பொரியல்) வையுங்கள். வருக்கைப் பிஞ்சா கூழன் பிஞ்சா என்று கேட்காதீர்கள், இந்தப் பருவத்தில் இரண்டும் ஒன்றுதான்.

சந்தையில் கொல்லாம்பழம் (முந்திரிப்பழம்) விற்கிறார்கள். பார்க்க அழகாக இருக்கிறது. சாப்பிட்டால் தொண்டை பிடிக்கிறது. என்ன செய்யலாம்?
— பார்வதிபுரத்துப் புது வாசகி (இரண்டாவது கடிதம்!)

கழுவி, குறுக்கே வட்டமாக நறுக்கி, உப்புத் தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு எடுங்கள், துவர்ப்பு குறையும். மேலே கொஞ்சம் மிளகாய்ப்பொடி தூவலாம். அன்றைக்கே சாப்பிட்டுவிடுங்கள், மறுநாள் அழுகிவிடும். முனையில் ஒட்டியிருக்கும் பச்சை அண்டியை (முந்திரிக்கொட்டையை) பல்லால் கடிக்கவே கூடாது, அதன் ஓட்டில் இருக்கிற எண்ணெய் உதட்டைப் பொசுக்கிவிடும். பிள்ளைகள் கையில் கொடுக்குமுன் அண்டியைத் திருகி எடுத்துவிடுங்கள். சாறு பட்ட கறை எந்தச் சோப்புக்கும் போகாது, பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு சாப்பிடுங்கள்.